பதினெட்டுத் தப்படி

மாவட்டச் சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்.
இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஜனவரி
வண்டிப் படியில் சறுக்கி
வலது தோள் கழன்றது.
திரும்பப் பூட்டினார்கள். ஆனாலும்
நீளத் துப்பாக்கியோடு அதற்கு ஒத்துப்போகவில்லை.
உதைப்பே இல்லாத சின்னத் தோட்டாதான், இருந்தும்
கட்டையைத் தோளில் அணைத்ததும்
பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.
பல்லைக் கடித்துக்கொண்டு குறி பார்க்க வராது.

அதனால் ஸ்ட்ராண்ட் கடை.
தூண்டில் புழு இருக்கும் குளிர்பெட்டியின் மேலேயே
தோட்டாப் பெட்டிகளையும் அடுக்கி வைத்திருப்பான் விர்ஜில்.
முதலில் எடுத்து நீட்டியது
உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டி.
"இல்மா, கோட்டுப் பையில் போட்டால்
இருப்பதே மறந்துவிடும்" என்றான்.
சுட்டதும் அப்படித்தான், ஞாபகமறதியாக.
கடைக்குப் பின்னால் காகிதத் தட்டில்
ஐந்து ஓட்டை, ஐந்து திசை.

அடுத்தது பெரியது. கரடியே விழும் என்றான்.
எனக்கு யாரோடும் பகை இல்லை விர்ஜில்,
ராத்திரிக்குக் குழம்பு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.
இதில் அடிபட்ட முயலில்
இரண்டு காதும் ஒரு பிடி மயிரும் மிஞ்சும்.
கணப்பைச் சுற்றி நின்ற மூன்று பேர் சிரித்தார்கள்.
தப்பிப்போன கரடி ஆளுக்கொன்று வைத்திருப்பவர்கள்.
விழுந்த முயலைப் பற்றி
அந்தக் கணப்பருகே ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

தப்பிப்போன முயலைப் பற்றி நானும் பேசவில்லை.
போன நவம்பர். இரவல் துப்பாக்கி.
முயலுக்கு உடம்பு வெளுத்தாயிற்று,
பனி இன்னும் வரவில்லை.
பழுப்புத் தரையில் பளிச்சென்று
ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டு
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
பின்னங்காலில் பட்டது.
சதுப்பில் இருட்டும்வரை தேடினேன்.
தெரிந்த சிவப்புக்கெல்லாம் குனிந்தேன்;
பாதி, கிரான்பெரிப் பழம்.
டார்ச்சும் அணைந்தது.
வீட்டுக்கு வந்து முட்டை பொரித்துத் தின்றேன்.

மூன்றாவதை நானேதான் கேட்டேன்,
கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் கிடந்ததை.
இருபத்திரண்டு. குழல் நாலரை அங்குலம்.
பிடியில் யாரோ இரண்டு எழுத்துக் கீறி
ஒன்றை மறுபடி சுரண்டி அழித்திருந்தார்கள்.
அதனால் விலை குறைவு.
உள்ளே ஒன்றுமில்லை என்று
அவன் பார்த்தான், நானும் பார்த்தேன்.
இரண்டு கையும் முன்னால் நீட்டினால்
தோள் வாயைத் திறக்கவில்லை.
விசை இழுபடவில்லை.
மெல்லிய கண்ணாடிக் குச்சி போல
சொல்லாமல் ஒடிந்தது.
தட்டில் ஐந்து ஓட்டையையும்
ஒரு கால் டாலர் நாணயம் மூடியது.

கறுப்புக் குறிமுனை
ஸ்ப்ரூஸ் மர இருட்டில் தொலைந்துபோகும்.
பனிவண்டிக்கு அடிக்கும் ஆரஞ்சுப் பெயின்ட்டில்
தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு வைத்தேன்.
மூன்று ஞாயிற்றுக்கிழமை, நானூறு தோட்டா.
முயலின் தலை ஓர் எலுமிச்சங்காய் அளவு.
பதினெட்டுத் தப்படி வரை
எலுமிச்சங்காய்க்குள் எல்லாம் விழுந்தன.
இருபதில் ஒன்று விலகியது.
இருபத்தைந்தில், சொல்வானேன்.
ஆகவே பதினெட்டு. அதற்கு மேல் கிடையாது.
பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதியும் வைத்தேன்.

டிசம்பர், சனிக்கிழமை.
விழுந்த பிர்ச் மரத்தடியில் ஒன்று.
பனிமேல் வெள்ளை; கண்மட்டும் கறுப்பு.
இருபத்திரண்டு தப்படி இருக்கும் என்று பட்டது.
காத்திருந்தேன்.
அது காதை இழுத்துக் கழுவியது,
பட்டையைக் கொறித்தது,
என் கால்விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துப்போக,
மறுபடி காதைக் கழுவிவிட்டு
அவசரமில்லாமல் புதருக்குள் போனது.

எழுந்து, அது இருந்த இடம்வரை
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
பதினாறு.
இன்னொரு முறை, திரும்பி வரும்போது எண்ணினேன்.
பதினாறரை.

துப்பாக்கியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.
அன்றைக்கும் முட்டைதான்.